தெருவில் நிறுத்தி கார்டு கேட்டால் என்ன செய்வது?

ஜப்பானில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போலீஸ் வழியில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பது பற்றித்தான். அதனால் இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் கணவர் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வரும்போது ரயில் ஸ்டேஷன் வாசலில் போலீஸ் நிறுத்தி ஜைர்யூ கார்டு (வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டை) கேட்கிறார்கள், பையையும் திறக்கச் சொல்கிறார்கள். கூடவே இறங்கி வரும் ஜப்பானியர்களை ஒன்றும் கேட்பதில்லை. நாலு பேர் பார்க்க நிற்பது அவருக்கு ரொம்ப அவமானமாக இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகி, நிஷிகசாய், டோக்கியோ

பதில்: கார்டைக் காட்ட மட்டும் மறுக்க வேண்டாம், அது ஆபத்து. மற்றதில் பலவற்றுக்கு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

இதில் இரண்டு சட்டங்கள் வருகின்றன. ஒன்று குடிவரவுச் சட்டம். அதன் 23ஆம் பிரிவுப்படி 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் ஜைர்யூ கார்டை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும், போலீஸ்காரர் தன் பணியின்போது கேட்டால் காட்ட வேண்டும். கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். வைத்துக்கொண்டே காட்ட மறுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் யென் வரை அபராதம். விசாவில் இருக்கும் யாரும் இந்த விஷயத்தில் துணிந்து பார்க்க வேண்டியதில்லை. காட்ட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, அதனால் கார்டைத் தன் கையில் பிடித்தபடியே காட்டினாலும் கடமை முடிந்தது.

இன்னொன்று 1948இல் வந்த போலீஸ் பணிச் சட்டம். ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டுமென்றால், அவருடைய நடத்தையிலோ சுற்றுச் சூழலிலோ ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருந்து, குற்றம் செய்தவராகவோ செய்யப் போகிறவராகவோ இருப்பார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் வேண்டும், அல்லது நடந்த குற்றத்தைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று நினைக்க இடம் வேண்டும் என்று அதன் 2ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனிலிருந்து களைத்துப்போய் வெளியே வருகிற மனிதரிடம் இதில் என்ன இருக்கிறது? தோல் நிறம் சந்தேகத்துக்குக் காரணம் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் எழுதவில்லை. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றோ, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்றோ வற்புறுத்தக் கூடாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பையைத் திறப்பதும் பொதுவாக நம் சம்மதத்தின் பேரில்தான். 1971இல் யோனாகோ நகரில் நடந்த வங்கிக் கொள்ளை வழக்கில், சம்மதமில்லாமல் பையைத் திறந்ததை உச்ச நீதிமன்றம் 1978இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் அது கொள்ளைக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்த நெருக்கடியான நேரம். சாதாரண மாலை நேரத்துக்கு அதை இழுத்து வர முடியாது.

உங்கள் கணவர் முதலில் 'ரியூ வா நான் தெஸ் கா', அதாவது காரணம் என்ன என்று அமைதியாகக் கேட்கட்டும். போலீஸ் அடையாளத்தையும் காட்டச் சொல்லலாம், கார்டைக் கேட்கிற அதிகாரி நாம் கேட்டால் தன் அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்பதும் அந்த 23ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அப்புறம் கார்டைக் காட்டட்டும். பையைத் திறக்கச் சொன்னால் 'கோதோவாரிமாஸ்' என்று மறுத்துவிட்டு, போகலாமா என்று கேட்கலாம். குரலை உயர்த்த வேண்டாம். போலீஸ்காரரின் கையைத் தட்டிவிடவோ ஓடவோ கூடவே கூடாது, அதுவரை இல்லாத சந்தேகத்தை அதுவே உண்டாக்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நேரம், இடம், என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். போலீஸ் சட்டத்தின் 79ஆம் பிரிவுப்படி மாநிலப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், முடிவை அவர்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு புகாரால் எல்லாம் மாறிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கொடுங்கள், எழுத்தில் இல்லாததை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவது மிகவும் எளிது.

கேள்வி: ஒழுங்காக இருப்பவருக்கு என்ன பயம்? நான் 20 வருடமாக இங்கே இருக்கிறேன். கேட்டால் காட்டிவிட்டுப் போகிறேன். இந்த நாடு இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதே போலீஸ் இப்படிக் கவனமாக இருப்பதால்தான். நம்மவர்கள் இதைப் பெரிதுபடுத்துவது சரியா?
– ஒரு வாசகர், யோகோஹாமா

பதில்: உங்களைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர். நான் அப்படி நினைக்கவில்லை.

டோக்கியோ வழக்கறிஞர் சங்கம் 2022இல் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பதில் சொன்ன 2,094 பேரில் 62.9 சதவீதம் பேர் முந்தைய 5 ஆண்டுகளில் போலீஸ் தங்களை நிறுத்திக் கேள்வி கேட்டதாகச் சொன்னார்கள். தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணிக்கை இல்லை. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், டோக்கியோவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் இனத்தைப் பார்த்து நிறுத்துவதாகத் தோன்றும் சம்பவங்கள் பற்றித் தன் குடிமக்களை எச்சரித்திருந்தது. 2024 ஜனவரியில் மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பாகிஸ்தானில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்றவர். அவரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். ஜைர்யூ கார்டு என்ற ஒன்றே அவருக்குக் கிடையாது, காட்ட வேண்டிய கடமையும் கிடையாது, ஆனாலும் நிறுத்துகிறார்கள். அவர் இன்னும் எவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும்?

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து நிறுத்துவதில் போலீஸின் நேரமும் போகிறது, நிறுத்தப்பட்டவரின் நம்பிக்கையும் போகிறது. நாளைக்கு அவர் வீட்டில் திருட்டுப் போனால், பக்கத்துத் தெரு கோபானுக்கு (சிறு போலீஸ் சாவடிக்கு) போய்ச் சொல்லவே தயங்குவார். உங்களுக்கு இது உறுத்தவில்லை என்றால் சரி, அது உங்கள் மனசு. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய், ஜப்பானிய மொழியில் கனவு காண்கிற நம் பிள்ளைகளைக் கூட்டத்திலிருந்து தனியாக இழுத்து நிறுத்தும்போது, பெரிதுபடுத்தாதே என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஊருக்குத் திரும்பிப் போன நண்பர் கொடுத்த சைக்கிளில் போனவனை நிறுத்தி, சைக்கிள் யாருடையது என்று கோபானில் வெகுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அவனிடம் கார்டும் இல்லை.
– ஒரு தாய், கவாகுச்சி

பதில்: 16 வயது ஆகும்வரை அவன் கார்டை எடுத்துப் போக வேண்டியதில்லை, அதை அவனுக்கே சொல்லி வையுங்கள். ஆனால் 16ஆவது பிறந்தநாளுக்கு முன்பே கார்டைப் புதுப்பிக்க வேண்டும், 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

சைக்கிளில் ஒட்டியிருக்கும் பதிவு ஸ்டிக்கர் எண்ணை வைத்து உரிமையாளர் யார் என்று பார்ப்பார்கள், உங்கள் விஷயத்தில் பழையவர் பெயர் வந்திருக்கும். அவரிடம் சைக்கிளை இன்னாருக்குக் கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாளும், பழைய பதிவுச் சீட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பழைய பதிவை ரத்து செய்துவிட்டு, சைக்கிள் கடையில் உங்கள் பெயரில் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். சில நூறு யென் செலவு, அவ்வளவுதான். பிள்ளையிடம் அன்று நடந்ததைப் பற்றிப் பேசுங்கள், தப்பு அவனுடையது இல்லை என்பதை உங்கள் வாயால் கேட்கட்டும்.

கேள்வி: நான் யாழ்ப்பாணம். கொழும்பில் இருந்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே களைத்தவன். இங்கேயும் பொலிஸைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், கார்டில் உள்ள திகதி அடுத்த கிழமை முடிகிறது. பிடித்தால் என்ன சொல்வது?
– ஒரு வாசகர், நாகோயா

பதில்: உங்கள் படபடப்பு எனக்குப் புரிகிறது, அண்ணா. போர்க்காலத்தில் பெயரும் பிறந்த ஊரும் ஒருவரைத் தடுத்து வைக்கப் போதுமானதாக இருந்ததை அனுபவித்தவர்களுக்கு, கார்டைக் கேட்பது வெறும் கார்டைக் கேட்பதாக இருக்காது. நாகோயாவில் வேறு இருக்கிறீர்கள். விஷ்மா சந்தமாலி என்ற இலங்கைப் பெண் 2020 ஆகஸ்டில் உதவி கேட்டுப் போலீஸிடம் போனார், விசா முடிந்திருந்ததால் பிடித்து வைக்கப்பட்டார், 2021 மார்ச் 6 அன்று நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் 33 வயதில் இறந்துபோனார். இதைத் தெரிந்த யாருக்கும் பயம் வரும்.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. திகதி முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை அல்லது பழைய திகதியிலிருந்து 2 மாதம்வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை, நீங்கள் சட்டப்படிதான் இருக்கிறீர்கள். நேரில் கொடுத்திருந்தால் கார்டின் பின்பக்கம் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்ற முத்திரை இருக்கும். யாராவது நிறுத்தினால் கார்டைத் திருப்பி அதைக் காட்டுங்கள். இணையத்தில் கொடுத்திருந்தால் முத்திரை இருக்காது, அதனால் ஏற்றுக்கொண்டதாக வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கார்டோடு சேர்த்து வையுங்கள். அந்த 2 மாதம் முடியும் நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்குள் புதுக் கார்டை வாங்கிவிடுங்கள், அந்த நாளைத் தாண்டினால் முத்திரை உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி: கார்டு தொலைந்துவிட்டது. வெளியே போகவே பயமாக இருக்கிறது.
– ஒரு மாணவி, ஒசாகா

பதில்: பக்கத்துக் கோபானில் தொலைந்ததாகப் பதிந்து, அவர்கள் தரும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் மறு கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாளைக் காலையே போங்கள். அதுவரை பாஸ்போர்ட்டையும் அந்த எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.