உயிரியலா, அளவையியலா? ஒரு தகப்பனாருக்குப் பதில்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். சாதாரண தரத்தில் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்த மகள் உயிரியல் பிரிவு வேண்டாம் என்கிறாள். கலைப்பிரிவில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். விஞ்ஞானி ஆவதில் அவளுக்கு ஆசையில்லை, விஞ்ஞானிகள் அன்றாடம் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை ஆராயத்தான் ஆசை. திருகோணமலையில் இதை வெளியே சொன்னால் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்று நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. அந்த நாலு பேரை விடுங்கள். அவள் கேட்பது உண்மையிலேயே இருக்கிற ஒரு துறை, விஞ்ஞான மெய்யியல் என்று பெயர்.

மெய்யியலாளர்கள் நெடுங்காலம் விஞ்ஞானத்தின் முடிவுகளைப் பற்றியே பேசினார்கள். ஒரு கோட்பாட்டை எப்போது ஏற்கலாம், எப்போது பொய்ப்பிக்கலாம் என்பதுதான் பேச்சு. அளவையியல் மாணவர்கள் மெய்யியலாளர் கார்ல் பொப்பரின் பெயரோடு படிப்பதும் இதைத்தான். 1983இல் கனடா நாட்டு மெய்யியலாளர் இயன் ஹக்கிங், கோட்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தது போதும், பரிசோதனையையும் பாருங்கள் என்று வலுவாக வாதிட்டார். அதற்கு முன்பே, மெய்யியல் படித்த பிரெஞ்சுக்காரர் புரூனோ லற்றூர் 1975இல் கலிபோர்னியாவின் சோல்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குள் போய், புதிய ஊருக்கு வந்த மானிடவியலாளரைப் போல இரண்டு வருடம் உட்கார்ந்து கவனித்திருந்தார். அந்த ஆய்வுகூடத்தின் தலைவர் றொஜர் கில்லெமின் 1977இல் நோபல் பரிசு பெற்றார். லற்றூரின் கண்ணில் பட்டதோ, அங்கே ஓயாமல் நடந்த எழுத்து வேலை: கருவி கீறும் கோடுகள், குறிப்பேடுகள், அட்டவணைகள், திருத்தித் திருத்தி எழுதும் கட்டுரைகள். 2006இல் இந்த நோக்குள்ள மெய்யியலாளர்கள் தமக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வேலையா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹசொக் சாங், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சாதாரணமானது: வெப்பமானி சரியாகக் காட்டுகிறது என்று முதன்முதலில் எப்படித் தெரிந்தது? வெப்பமானியைச் சரிபார்க்க மாறாத ஒரு வெப்பநிலை வேண்டும். அது மாறாதது என்று சொல்லச் சரியான வெப்பமானி வேண்டும். நீரின் கொதிநிலை இருக்கிறதே என்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் டெ லுக் என்பவர் நீரில் கரைந்திருந்த காற்றை வெளியேற்றுவதற்காக வாரக்கணக்கில் குடுவையைக் குலுக்கினார். அந்த நீர் 100 பாகையைத் தாண்டி, ஏறத்தாழ 112 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நின்றது. விஞ்ஞானிகளின் அமைப்பான லண்டன் றோயல் சங்கம், விஞ்ஞானி கவெண்டிஷ் தலைமையில் ஒரு குழுவையே நியமிக்க வேண்டியதாயிற்று. வெப்பமானியைக் கொதிநீரில் அமிழ்த்தாமல் ஆவியில் பிடியுங்கள் என்று அக்குழு 1777இல் பரிந்துரைத்தது. சாங் பழைய ஏடுகளை வாசித்ததோடு நிற்கவில்லை. தாமே பாத்திரம் பாத்திரமாக நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தார். பாத்திரம் மாறக் கொதிநிலையும் மாறியது. பாடப்புத்தகத்தில் ‘100 பாகை’ என்று ஒரு வரியில் முடிகிற விடயத்துக்குப் பின்னால் எத்தனை பேரின் தீர்மானங்கள் இருக்கின்றன என்பதை அவர் விரித்துக் காட்டினார்.

இந்த உதாரணத்தைக் காரணத்தோடுதான் எடுத்தேன். மகளை ஒரு வெப்பமானியோடு உங்கள் ஊர்ப்பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போங்கள். ஏழு கிணறுகளுக்கும் சூடு ஒன்றல்ல என்பது ஊரறிந்தது (கிணறுகள் இராவணனால் உண்டான கதையைப் பிறகு சொல்லலாம்). ஒரு கிணற்றின் சூட்டை எழுதச் சொல்லுங்கள். மேல்நீரிலா, அடியிலா? ஆட்கள் வாளியால் அள்ளும்போதா, நீர் அசையாமல் இருக்கும்போதா? இரண்டு அளவீடு ஒத்துவராவிட்டால் எதைத் தள்ளுவது, ஏன்? அவள் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அது ஒரு விதம். ‘இதைத் தள்ளினேன், காரணம் இது’ என்று பக்கம் பக்கமாக எழுதினால் ஆசை வெறும் பேச்சில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவள் உயிரியல் பிரிவில்தான் சேர வேண்டும் என்பது என் கருத்து. உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், நம் இருவரின் காரணமும் வேறு. நீங்கள் மருத்துவபீடத்தை நினைக்கிறீர்கள். நான் நினைப்பது, ஆய்வுகூடத்தில் நடப்பது புரியாமல் ஆய்வுகூடத்தைப் பற்றி மெய்யியல் எழுத முடியாது என்பதை. சாங்கும் முதலில் பௌதிகவியல் படித்தவர்தான். விஞ்ஞானப் பட்டத்தை முடித்துவிட்டு, முதுமாணிக்கு இந்தப் பக்கம் திரும்புவது உறுதியான வழி. கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கிலும் இதற்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. கலைப்பிரிவு வழியும் அடைபட்ட வழியல்ல. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மெய்யியல் படிக்கலாம். ஆனால் விட்ட இரசாயனத்தைப் பிறகு தனியே உட்கார்ந்து படிப்பது பெரும் பாடு. எந்த வழியில் போனாலும் ஆங்கிலம் இல்லாமல் நடவாது. இத்துறையில் வாசிக்க வேண்டியவற்றில் மிகப் பெரும்பகுதி அந்த மொழியில்தான் இருக்கிறது.

சம்பளம்? ‘விஞ்ஞான மெய்யியலாளர் தேவை’ என்று இங்கே பத்திரிகை விளம்பரம் வராது. நேரடியான வேலை என்றால் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிதான், அதற்கும் போட்டி கடுமை. சுற்றிவளைத்த வழிகள் கூடுதல்: ஆராய்ச்சி ஒழுக்கநெறிக் குழுக்கள், விஞ்ஞானக் கொள்கை வகுக்கும் அலுவலகங்கள், தரவு முகாமைத்துவம், விஞ்ஞான எழுத்து. கையில் விஞ்ஞானப் பட்டம் இருந்தால் ஆசிரியர் தொழிலும் இருக்கிறது. மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம் எனக்குப் பாக்கி இருக்கிறது. அவள் மெய்யியலை நோக்கிப் போகிறாளா, அல்லது விடியற்காலையில் தொடங்கி இரவில் முடியும் உயிரியல் ரியூசனிலிருந்து ஓடுகிறாளா? இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். ரியூசன்தான் காரணம் என்றால் பிரிவை மாற்றத் தேவையில்லை, வகுப்பைக் குறைத்தாலே போதும். பாடசாலைக்கு விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். நான் பேசும்போது நீங்கள் வெளி விறாந்தையில் இருக்க வேண்டும், கோபிக்கக் கூடாது.