நாற்காலிக்கு ஒரு கிளாஸ் தேவையா?

கேள்வி: ஓஓபி (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) பாடத்தில் நாய், கார், நாற்காலி என்றே உதாரணம் தருகிறார்கள். வேலையிலும் கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் கிளாஸ் (ஒரு வகைக்கு என்னென்ன விவரம், என்னென்ன செயல் என்று நிரலில் எழுதும் அச்சு) எழுதுவார்களா?

நீங்கள் கல்லூரியில் படிப்பவர் அல்லது இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத மாட்டார்கள். எழுதினால் என்ன ஆகும் என்று கூடவே இருந்து பார்த்தவன் நான்.

மதுரைப் பக்கம் ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்கு மென்பொருள் செய்தோம். கல்யாண வீடுகளுக்கு அண்டா, தவலை, சேர், ஜமுக்காளம், ஜெனரேட்டர் எல்லாம் அனுப்புகிற கடை. எங்கள் டீமில் என்னைவிட சீனியர் ஒருவர், 'பொருள்' என்று ஒரு கிளாஸ், அதன் கீழே 'மரச்சாமான்', அதன் கீழே 'நாற்காலி', அதற்கும் கீழே 'பிளாஸ்டிக் நாற்காலி' என்று பெரிய வம்சாவளியே போட்டுவிட்டார். (பிளாஸ்டிக் எப்படி மரச்சாமான் ஆனது என்று கேட்டதற்கு முறைத்தார்.) நிறம், கால்களின் எண்ணிக்கை, போதாததற்கு 'உட்கார்' என்று ஒரு மெத்தட் (செயல்). கடைக்காரரிடம் காட்டினால், "தம்பி, அதுல யாரு உட்கார்ந்தா எனக்கென்ன? போனது எத்தனை, வந்தது எத்தனை, உடைஞ்சது எத்தனை, அதைக் காட்டுங்க" என்றார்.

நான் தொண்டை கிழியச் சொன்னதும் அதைத்தான். அவருக்கு 500 சேர் என்றால் ஒரு பெயர், ஓர் எண்ணிக்கை, அவ்வளவே. எந்தச் சேர் திரும்பி வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜெனரேட்டர் அப்படியில்லை. ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது என்று தனித்தனியாக வேண்டும். ஒவ்வொரு ஜெனரேட்டரும் ஒரு தனி ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற அச்சில் வார்த்த ஒரு பிரதி). அண்டாவில் கடைப் பேர் வெட்டியிருக்கும், ஆனால் நம்பர் கிடையாது. அதனால் அதற்கும் அளவுவாரியாக எண்ணிக்கைதான். கடைசியில் பாதி வேலையைச் சுமந்த கிளாஸ், கையால் தொடக்கூடிய பொருளே இல்லை: 'வாடகை'. யாருக்கு, எந்தத் தேதிக்கு, அட்வான்ஸ் எவ்வளவு, என்ன குறைந்து வந்தது எல்லாம் அதில். ஒரு முகூர்த்த நாளுக்கு இன்னும் எத்தனை சேர் மிச்சம் என்பதும் அன்றைய வாடகைகளைக் கூட்டித்தான் தெரியும்.

"அப்போ நிஜ உலகத்தை மாடல் செய்வதே தப்பா?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: அப்படிச் சொல்லவில்லை. 1960களில் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும், கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் தொடங்கிய சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியதே சிமுலேஷனுக்காகத்தான், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கத்தான். வரிசையில் ஆட்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், ஒவ்வொரு ஆளும் ஓர் ஆப்ஜெக்டாக இருப்பது நியாயம். நாற்காலி தயாரிப்பவருக்கு மென்பொருள் எழுதினால் கால்களையும் எண்ணுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் கடைக்காரருக்குத் தேவை கணக்கு.

இந்த இன்டர்வியூக்காரர்களும் திருந்த மாட்டேன் என்கிறார்கள். ஒரு கம்பெனியில் "பார்க்கிங் லாட்டை டிசைன் செய்" என்றார்கள். "இதைப் பயன்படுத்தப்போவது டோக்கன் கொடுப்பவரா, இடத்தின் ஓனரா?" என்று கேட்டேன். "கேள்வியை நாங்கள் கேட்கிறோம்" என்றார்கள். பைக், கார், லாரி என்று இன்ஹெரிட்டன்ஸ் (அதே கிளாஸ் வம்சாவளி) படம் போட்டவருக்கு வேலை கிடைத்தது. வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் பரீட்சையில் மட்டும் நாய், பூனை என்றே எழுதிவிடுங்கள். திருத்துபவரிடம் இருக்கும் விடைக்குறிப்பில் வாடகைப் பாத்திரக் கடை இருக்காது.