பையோடு கடலில் இறங்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய் முற்றிப்போய், பெருங்குடலை எடுத்துவிட்டு இலியோஸ்டமி வைத்தார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், கழிவு அங்கே ஒட்டிய பையில் சேர்கிறது. எட்டு மாதம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே கடலில் நீந்திப் பழகியவள் நான். இப்போது கரையில் உட்கார்ந்து மகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் "நீயும் வாம்மா" என்று கூப்பிடும்போது வாய் அடைத்துப்போகிறது. தண்ணீருக்குள் பை கழன்றுவிட்டால்? உப்புத் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டால்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: தங்கச்சி, எனக்கும் இலியோஸ்டமிதான். பதினாறு வருடம் ஆகிறது, அதில் பதினைந்து வருடம் கடலில் நீந்தியிருக்கிறேன். அதனால் மகளிடம் "வர்றேன்டா, கொஞ்ச நாள் பொறு" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்தக் கொஞ்ச நாளில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வயிற்றுக் காயம் ஆறுவதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் என்பார்கள், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் மலக்குடலையும் சேர்த்து எடுத்திருந்தால் கீழே போட்ட தையல் ஆறச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது முழுதாக மூடியிருக்கிறதா, ஸ்டோமாவை, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் குடல் முனையைச் சுற்றிக் குடலிறக்கம் எதுவும் இல்லையா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர் உள்ளே போகாது. குடலின் வேலையே உள்ளிருப்பதை வெளியே தள்ளுவது. வெளியே நிற்கும் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்வதில்லை. ஸ்டோமாவுக்கு வலி உணர்வும் கிடையாது, அதனால் உப்புப் பட்டாலும் அது எரியாது. சுற்றியுள்ள தோல் புண்ணாகியிருந்தால் எரியும். அப்படி இருந்தால் தோல் ஆறும்வரை கடல் வேண்டாம்.

பை கழன்றுவிடுமோ என்ற பயம் வேறு. அது நியாயமான பயம். நான் முதல் தடவை கடலுக்குப் போனபோது, புதுப் பை என்றால் இறுக்கமாக ஒட்டியிருக்கும் என்று நினைத்து, கரைக்கு வந்த பிறகு உடை மாற்றும் அறையில் பையை மாற்றிக்கொண்டு நேரே தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போதே பையின் கீழ் ஓரத்தில் சூடாக ஒரு குறுகுறுப்பு. மேலே வந்து பார்த்தால் தகட்டின் ஓரம் வெள்ளையாக ஊறி மடங்கிக்கொண்டு நின்றது. துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்கு ஓடினேன். அன்று முழுக்க அழுதேன். அடுத்த கடலுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

எங்கே தவறு? தோலில் ஒட்டும் அந்தத் தகட்டின் பசை, உடம்புச் சூட்டில் மெல்ல இளகித் தோலின் மேடுபள்ளத்தில் படிந்து இறுகுகிறது. அதற்குச் சில மணி நேரம் வேண்டும். ஒட்டியதும் தண்ணீரில் இறங்கினால் பிடிமானமே இருக்காது. இப்போது நான் முந்தின நாள் மாலையே மாற்றிவிடுகிறேன். மறுநாள் காலையில், சாப்பிடுவதற்கு முன், பையைக் காலி செய்துவிட்டுக் கடலில் இறங்குகிறேன். அந்த நேரத்தில் ஸ்டோமா அமைதியாக இருக்கும்.

அதற்கும் முன்னால் வீட்டில் ஒத்திகை பாருங்கள். குளியல் தொட்டி இருந்தால் அரை மணி நேரம் உட்காருங்கள், இல்லாவிட்டால் ஷவருக்கு அடியில் நில்லுங்கள். பிறகு ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பை திடீரென்று கழன்று விழுவது அபூர்வம். ஓரம் முதலில் வெளுக்கும், அப்புறம் வழுவழுப்பாகும், அதன் பிறகுதான் தூக்கும். உங்கள் உடம்பில் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். என் பை இரண்டு மணி நேரம் தாங்கும். நான் ஒன்றரை மணியில் கரையேறிவிடுவேன். பிறை வடிவில் ஒட்டுப்பட்டைகள் கிடைக்கின்றன. தகட்டைச் சுற்றி அவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள், அலைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சன்ஸ்கிரீனையோ எண்ணெயையோ அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பையில் இருக்கும் கரி ஃபில்டர் நனைந்தால் வேலை செய்யாது. பெட்டியோடு சின்ன ஸ்டிக்கர்கள் வருமே, பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவை இதற்குத்தான். இறங்கும் முன் ஃபில்டர் மேல் ஒட்டுங்கள். கரையேறியதும் மறக்காமல் எடுங்கள், இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் பை உப்பிக்கொள்ளும்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. உடம்புக்குள் தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சித் தருவது பெருங்குடல். நமக்கு அது இல்லை. வெயிலில் வியர்த்து, பையிலும் நீர் போய்க்கொண்டிருந்தால் சீக்கிரமே வறண்டுவிடுவோம். சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருப்பதால் நமக்கு ஒரு பயனும் இல்லை. சில சமயம் கெண்டைக்கால்தான் முதலில் சொல்லும், பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் இருக்கும்போது கால் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், இறங்கும் முன்னும் ஏறிய பின்னும். தனியாக இறங்கவே இறங்காதீர்கள்.

அலையை நேராக வயிற்றில் வாங்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் மணலைக் கழுவி, பையின் பின்துணியை ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்துணி தோலோடு ஒட்டிக் கிடந்தால் அரிப்பு வரும். இடுப்புக்கு மேலே ஏறும் நீச்சலுடை, பூப்போட்டதாக இருந்தால் பை தெரியவே தெரியாது. அளவாக வெட்டிய மாற்றுப் பை ஒன்று கூடவே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைத்துவிடாதீர்கள், பசை இளகிவிடும்.

யாராவது பார்த்துவிட்டால் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் எழுத்துக்கு நடுவில் அது இருக்கிறது. டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்று ஒரு செவிலியர். அவருடைய தங்கை தோராவுக்கு ஸ்டோமா வைத்தார்கள். கசிந்துவிடுமோ என்று அந்தப் பெண் வெளியில் போகவே பயந்தாள். தோலில் ஒட்டக்கூடிய பை என்ற யோசனை 1954-இல் அந்த அக்காவுக்குத் தோன்றியது அதனால்தான். தங்கை வெளியில் போக வேண்டும் என்பதற்காக! நாம் ஒட்டிக்கொள்ளும் பையெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். முதல் நாள் முழங்கால் அளவு தண்ணீரில் மகளோடு பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள், போதும்.

கேள்வி: எனக்கு வயது 63. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை வழியாகச் சிறுநீர் பையில் சேரும்படி யூரோஸ்டமி வைத்திருக்கிறார்கள். கடலில் நீந்த எனக்கும் ஆசை. எனக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா அம்மா?

பதில்: உண்டு ஐயா. உங்கள் பைகளில் பெரும்பாலும் ஃபில்டர் இருக்காது, அதனால் ஸ்டிக்கர் தேவையில்லை. ஆனால் சிறுநீர் சாப்பாட்டு நேரம் பார்த்து வருவதில்லை, வந்துகொண்டே இருக்கும். நிறைந்த பை கனத்துத் தகட்டை இழுக்கும். ஆகவே இறங்கும் முன் காலி செய்யுங்கள், மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கரைக்கு வந்துவிடுங்கள். பை நிறையக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், தொற்று வரும். பையின் அடியில் இருக்கும் திருகுக் குழாய் மூடியிருக்கிறதா என்று இறங்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது.