சர்க்கரை நோயுள்ள பூனைக்கு பி12 குறைவு: வீட்டில் எப்படிக் கவனிப்பது?

ஒன்பது வயது ஆண் பூனை, காலையும் மாலையும் இன்சுலின், பின்னங்கால்களின் குதிகால் தரையில் பட நடக்கிறது, ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா சாப்பிடும் நரம்பு மாத்திரையில் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் இருக்கிறதே, அதில் பாதியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மெத்தில்கோபாலமின் மாத்திரைகள் பலவற்றில் ஆல்ஃபா லிபோயிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. மனிதருக்கு அது பெரிய தீங்கில்லை. பூனைக்கு நஞ்சு. நாயைவிட மிகக் குறைந்த அளவிலேயே பூனையின் ஈரலைக் கெடுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற அளவிலேயே பூனைகளில் நச்சு விளைவு கண்டிருக்கிறார்கள். 100 மில்லிகிராம் உள்ள ஒரு மாத்திரை நான்கு கிலோ பூனைக்கு அந்த அளவை நெருங்கிவிடும். பாதி மாத்திரை என்றாலும் தினமும் கொடுப்பதாக நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு அது ரத்தச் சர்க்கரையையும் இறக்கும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனைக்கு இது இரட்டை ஆபத்து. சில மாத்திரைகளில் பிரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்து வேறு இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள். பி12 மட்டும் தனியாக இருக்கும் மருந்தே பூனைக்கு வேண்டும்.

இனி குறைவு ஏன் வந்தது என்பதற்கு வருவோம். மீனும் கோழியும் தின்னும் பூனைக்கு உணவில் பி12 குறைய வழியில்லை. அது உடலில் சேராததுதான் சிக்கல். பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அதற்குத் துணை நிற்கும் புரதம் மனிதருக்கு இரைப்பையில் சுரக்கிறது. பூனைக்குக் கணையத்தில் சுரக்கிறது. இன்சுலினைச் சுரக்கும் உறுப்பும் அதே கணையம்தான். ஆகவே சர்க்கரை நோயும் பி12 குறைவும் ஒரே பூனைக்கு வந்தால், கணைய அழற்சியோ நாள்பட்ட குடல் நோயோ உள்ளே இருக்கிறதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். சர்க்கரை நோயுள்ள என் பூனை முத்துவுக்கு நாள்பட்ட கணைய அழற்சி இருந்தது. அவ்வப்போது வாந்தி, சில நாள் சாப்பாட்டில் விருப்பமின்மை. சர்க்கரை நோயின் சோர்வு என்றே அவற்றை எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஸ்கேனும் கணையத்துக்கான ரத்தப் பரிசோதனையும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. காரணத்தைக் கவனிக்காமல் வைட்டமினை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால், நிறுத்திய சில வாரங்களில் குறைவு திரும்ப வந்துவிடும். மனிதரின் ஈரல் பி12-ஐ ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும். குடல் நோயுள்ள பூனையின் உடலிலோ ஐந்து நாட்களுக்குள் பாதி கரைந்துவிடும்.

பரிசோதனை எங்கே நடந்தது என்பதையும் பாருங்கள். மனிதர்களுக்கான ஆய்வகத்தில் ரத்தத்தைக் கொடுத்திருந்தால், அச்சாகும் இயல்பு அளவு மனிதருக்கு உரியது. அங்கே மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்கு மேல் எல்லாமே சரி என்று வரும். பூனைக்கு 290-க்குக் கீழே போனாலே குறைவு. 400-க்குக் கீழே இருந்தாலே கொடுக்கத் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு.

மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வழக்கமான முறை இது: 250 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் (பி12-இன் இன்னொரு வடிவம்), தோலுக்கடியில், வாரம் ஒன்றாக ஆறு ஊசி, ஒரு மாத இடைவெளியில் இன்னொன்று, அதற்கும் ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனை. ஊசி போட மனம் வராதவர்களுக்கு மாத்திரையும் உண்டு. தினமும் 250 மைக்ரோகிராம் வாய்வழி கொடுத்தாலும் பூனையின் ரத்தத்தில் அளவு நன்றாக ஏறுகிறது. நான் ஊசியையே தேர்ந்தெடுத்தேன். தினமும் இரண்டு முறை இன்சுலின் ஊசிக்குப் பழகிய பூனைக்கு வாரம் ஒரு ஊசி பெரிதில்லை. வாயைத் திறந்து மாத்திரை திணிப்பதைத்தான் முத்துவால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் மாத்திரை கொடுப்பதானால் பொடித்து, வேகவைத்த கோழியின் சாற்றில் கலந்துவிடுங்கள். முழுதாக விழுங்க வைத்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். தேன், வெல்லம், பால் எதிலும் கலக்க வேண்டாம்.

சிரிஞ்சு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பி12 குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்றால் அரை மில்லி. 1000 என்றால் கால் மில்லி. இதற்குச் சாதாரண ஒரு மில்லி சிரிஞ்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினிலோ நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வகையும் 100 யூனிட் வகையும் பக்கத்துப் பக்கத்தில் விற்கிறார்கள். பொதுவாக 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகை. அதை 40-க்கான சிரிஞ்சில் இரண்டாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டு யூனிட் அல்ல, ஐந்து யூனிட். ஒரு பூனையின் உயிரை எடுக்க அது போதும். வீட்டில் யாரெல்லாம் ஊசி போடுகிறார்களோ அவர்கள் அனைவருக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.

கால்களைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு கவலை இருக்கும் என்று தெரியும். விரல்நுனியில் நடக்கும் உயிர் குதிகாலை ஊன்றித் தடுமாறுவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்காது. ஆனால் அதற்கு முதல் காரணம் நீண்ட நாள் கட்டுக்கடங்காத சர்க்கரை. மெத்தில்கோபாலமின் உதவுவதாகப் பலர் சொல்கிறார்கள். பூனைகளில் அதற்கான ஆய்வுச் சான்று மெலிந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கால் தேறுகிறது. முத்து மறுபடி ஜன்னல் விளிம்புக்குத் தாவியது இன்சுலின் அளவு சரியாக அமைந்த பிறகுதான். அதுவரை வழுக்கும் டைல்ஸ் மேல் சாக்கோ பாயோ விரித்து வையுங்கள். பூனை மலம் கழிக்கும் மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. மத்தி, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போடாதீர்கள். அவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். பூனை தலையை நிமிர்த்த முடியாமல் மோவாயை நெஞ்சில் பதித்தபடி உட்கார்ந்தால் பி1 குறைந்திருக்கலாம், பொட்டாசியம் இறங்கியிருக்கலாம். சர்க்கரை நோயில் பொட்டாசியம் இறங்குவது புதிதல்ல. இரண்டில் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சத்துக்காக என்று தினமும் ஈரல் போடுவதும் தவறு. வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். மீன் பிசைந்த சோற்றைக் குறைத்து மாவுச்சத்து இல்லாத இறைச்சி உணவுக்கு மாற்றுவது நல்லதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் சர்க்கரை இறங்கும். பழைய அளவு இன்சுலின் அப்போது அதிகமாகிவிடும்.

பி12 ஏறத் தொடங்கியதும் முதலில் தெரிவது பசி. உணவும் எடையும் மாற இன்சுலின் தேவையும் மாறும் என்பதால், அந்த வாரங்களில் காது விளிம்பில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்ப்பதை விடாதீர்கள். மனிதருக்கான கருவி பூனையின் ரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும்; மருத்துவரிடம் எண்களைச் சொல்லும்போது எந்தக் கருவி என்பதையும் சொல்லுங்கள். சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுவிடாமல் முதலில் அவரைக் கூப்பிடுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கித் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு எது வந்தாலும் ஈறில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். அந்த நேரத்தில் மட்டும் தேன் மருந்து.

மறு பரிசோதனைக்குப் போகும்போது பி12-உடன் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினையும் பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 நன்றாக ஏறியிருந்தால் ஊசியை நிறுத்தலாமா, கணையமோ குடலோ இன்னும் சரியாகாததால் மாதம் ஒன்றாகத் தொடர வேண்டுமா என்பதை அந்த முடிவை வைத்துத்தான் சொல்ல முடியும். முத்துவுக்குத் தொடர்கிறோம்.