குளோராம்பெனிகால் போட்டும் ஈஸ்ட் வளர்கிறதே?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக பேக்கரி ஈஸ்ட்டை 2% குளுக்கோஸில் வளர்த்து, குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சேர்த்தேன். ஆறு மணி நேரமாகியும் வளர்ச்சி குறையவில்லை. மருந்து கெட்டுப்போய்விட்டதா?

பதில்: மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது வேலை செய்ததா என்பது குளுக்கோஸில் தெரியாது.

குளுக்கோஸ் இருக்கும்வரை ஈஸ்ட் நொதித்தே பிழைத்துக்கொள்ளும். காற்று தாராளமாக இருந்தாலும் சுவாச நொதிகளைக் குறைவாகவே செய்யும். குளோராம்பெனிகால் அந்த உற்பத்தியை நிறுத்தினால் ஈஸ்ட்டுக்கு என்ன நஷ்டம்? குளுக்கோஸ் தீர்ந்து, தான் உண்டாக்கிய எத்தனாலையே தின்ன வேண்டி வரும்போதுதான் திண்டாடும். மறுநாளும் அளந்து பாருங்கள்.

அளவையும் கவனியுங்கள். பாக்டீரியாவுக்குப் போடும் மைக்ரோகிராம் கணக்கு இங்கே போதாது. மில்லிக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வேண்டும். மருந்தை எத்தனாலில் கரைத்திருந்தால், மருந்தில்லாத குடுவையிலும் அதே அளவு எத்தனால் ஊற்றுங்கள். எத்தனாலும் ஈஸ்ட்டுக்குச் சாப்பாடுதான்.

3% கிளிசராலில் சுவாசித்தால்தான் வளர முடியும். மருந்தின் விளைவு அங்கே பளிச்சென்று தெரியும். ஆனால் செல்லே பெருகாதபோது நொதியை எதில் அளப்பது? அதற்குக் காலக்டோஸ் என்ற சர்க்கரை நல்லது: நொதித்தும் வாழலாம், குளுக்கோஸ் அளவுக்குச் சுவாச நொதிகளை அடக்கவும் செய்யாது. உங்கள் ஈஸ்ட் மருந்தோடும் காலக்டோஸில் வளர்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

சுவாச நொதிகளில் ஒன்றான சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸின் மையமான மூன்று புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே உருவாகின்றன. குளோராம்பெனிகால் நிறுத்துவது அங்கே புரதம் செய்யும் ரைபோசோமைத்தான். சுவாசத்துக்கே உதவும் இன்னொரு புரதமான சைட்டோகுரோம் சி-யோ வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகிறது. ஆக்ஸிடேஸின் அளவு விழுந்து, சைட்டோகுரோம் சி குறையாமல் இருந்தால், அடி சரியான இடத்தில் பட்டிருக்கிறது. உங்கள் புராஜெக்ட்டில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு முடிவைத்தான். சைக்ளோஹெக்சிமைடு என்ற வேறு மருந்து இதைக் காட்டாது. சைட்டோபிளாச ரைபோசோமை நிறுத்தி வளர்ச்சியையே முடக்கிவிடும். மையவிலக்கிய குழாயின் அடியையும் பாருங்கள்: நன்றாகச் சுவாசித்த செல்களில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், ஆக்ஸிடேஸ் இல்லாதவை வெளிறித் தெரியும்.

சயனைடோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் சவ்வரிசி ஆலைகளுக்கு வரும் மரவள்ளிக் கிழங்கிலும் சயனைடை வெளிவிடும் சேர்மம் உண்டு. சயனைடு ஆக்ஸிடேஸின் வேலையைத்தான் தடுக்கும். ஓடுகிற தறியை நிறுத்துவது வேறு, தறியே பூட்ட விடாமல் செய்வது வேறு.

கடைசியாக, செல்களை நன்றாகக் கழுவி, மருந்தில்லாத கிளிசராலில் விடுங்கள். குளோராம்பெனிகால் மட்டும்தான் காரணமென்றால் மீண்டும் வளரும். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ-வையே இழந்த செல் எத்தனை நாள் காத்திருந்தாலும் கிளிசராலில் வளராது.