வரி மேசை: நர்ஸ் அல்லாதவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டால் வரிக் கழிவு கிடைக்காதா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் எடிசன் நகரில் வசிக்கிறோம். கிரீன் கார்டு பெற்ற என் அம்மா, வயது 78, எங்களுடனேயே இருக்கிறார். அவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. தனியே விடக்கூடாது என்று நரம்பியல் மருத்துவர் 2025 ஜனவரியில் கடிதம் கொடுத்தார். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் ஒரு பெண்மணியை நாங்களே அமர்த்தியிருக்கிறோம். 2025-இல் அவருக்கு நாங்கள் கொடுத்தது 56,000 டாலர். டெக்ஸாஸிலுள்ள தம்பியும் அவ்வப்போது அவருக்கு நேரடியாகப் பணம் அனுப்புகிறார். சனிக்கிழமைகளில் என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, வந்து பார்த்துக்கொள்கிறார், அவருக்கும் தருகிறோம். எங்கள் வரிப் படிவத்தைத் தயாரிப்பவரோ, "அந்தப் பெண்மணி நர்ஸ் அல்லர், ஆகவே மருத்துவச் செலவாகக் காட்ட முடியாது" என்கிறார். அது சரியா?

பதில்: சரியன்று. இப்படிச் சொல்பவர்கள் பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பராமரிப்பவர் என்ன படித்திருக்கிறார் என்பதைச் சட்டம் முதலில் பார்ப்பதில்லை. பராமரிக்கப்படுபவரின் நிலை என்ன, அதை யார் சான்றளித்தார், பராமரிப்பு எந்தத் திட்டத்தின்படி நடக்கிறது என்பவற்றையே பார்க்கிறது. உண்பது, உடுத்துவது, குளிப்பது, கழிப்பறைக்குச் செல்வது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது ஆகிய ஆறில் குறைந்தது இரண்டைப் பிறர் உதவியின்றி 90 நாட்களுக்காவது செய்ய இயலாதவர் 'நாட்பட்ட நோயாளி' என்ற வரையறைக்குள் வருகிறார். உடல் திடமாக இருந்தாலும், அறிவுத்திறன் கடுமையாகக் குன்றியதால் தமக்குத் தாமே ஆபத்து விளைவித்துக்கொள்ளாதபடி கண்காணிக்கப்பட வேண்டியவரும் அதே வரையறைக்குள் வருகிறார். உங்கள் அம்மாவுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழி.

பரால் என்ற மறைந்த மூதாட்டியின் எஸ்டேட் (அவர் விட்டுச்சென்ற சொத்து) தொடர்பாக அமெரிக்க வரி நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பு உங்கள் நிலைக்கு மிக அருகில் வருகிறது. மறதி நோயால் பாதிக்கப்பட்டிருந்த அவரை இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டவர்கள் உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர்கள் அல்லர். ஆயினும் 2007-ஆம் ஆண்டில் அவர்களுக்குத் தரப்பட்ட 49,580 டாலரை மருத்துவச் செலவாக நீதிமன்றம் ஏற்றது. மருத்துவர் அந்தப் பராமரிப்பு அவசியம் என்று கூறியிருந்ததே காரணம். அதே வழக்கில், பொருட்கள் வாங்கியதாகச் சொல்லப்பட்ட 5,566 டாலர் போதிய ஆதாரமின்மையால் மறுக்கப்பட்டது. உங்கள் வரித் தயாரிப்பாளரிடம் இத்தீர்ப்பைக் காட்டுங்கள். ரசீதைப் பற்றிய பகுதியை நீங்களும் மறவாதீர்கள்.

மருத்துவரின் சான்று பன்னிரண்டு மாதங்களுக்கே செல்லும். ஆகவே 2025 ஜனவரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு 2026-ஐயும் ஓட்டிவிட முடியாது, புதுப்பித்தாக வேண்டும். கடிதத்தோடு, என்னென்ன பராமரிப்பு எவ்வளவு நேரம் தேவை என்று எழுதப்பட்ட திட்டமும் வேண்டும். மருத்துவர் மட்டுமன்றிப் பதிவு பெற்ற நர்ஸோ உரிமம் பெற்ற சமூகப் பணியாளரோ கூட இவற்றைத் தரலாம்.

இனி கணக்கு. அந்தப் பெண்மணி எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் உங்கள் குடும்பம் முழுவதற்கும் சமைத்து, வீட்டையும் பெருக்கித் துடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் பங்கை நீக்கினால் மருத்துவச் செலவு 42,000 டாலர். உங்கள் ஏ.ஜி.ஐ. (சில கழிவுகளுக்குப் பின் வரும் மொத்த வருமானம்) 180,000 டாலர் என்றால், அதில் 7.5 சதவீதமான 13,500 டாலரைத் தாண்டிய 28,500 டாலரே ஷெட்யூல் ஏ-யில் (செலவுகளைத் தனித்தனியே காட்டும் படிவம்) கழிவாகும். அதனுடன் வீட்டுக் கடன் வட்டி 9,000, சொத்து வரியும் மாநில வரியும் 14,000 என்று சேர்த்தால் 51,500 டாலர். தம்பதியருக்கு, செலவுக் கணக்குக் காட்டாமலே தரப்படும் 2025-இன் நிலையான கழிவு 31,500 டாலர் எப்படியும் கிடைத்திருக்கும் என்பதால் மெய்யான ஆதாயம் 20,000 டாலருக்கான வரி மட்டுமே; 22 சதவீதத்தில் அது 4,400 டாலர். ஐம்பத்தாறாயிரம் செலவழித்தவருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். நியூஜெர்சி மாநிலப் படிவத்தில் வாசல், அதாவது தாண்ட வேண்டிய அளவு, 2 சதவீதமே என்பதும், கூட்டாட்சிப் படிவத்தில் நிலையான கழிவை எடுத்தவருக்கும் அது பொருந்தும் என்பதும் சிறிய ஆறுதல்.

நீக்கிய அந்தக் கால் பங்கு வீணாகவில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குச் செல்வதற்காகவே ஆள் வைத்திருப்பதாலும், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத அம்மா ஆண்டில் பாதிக்கு மேல் உங்களுடன் வசிப்பதாலும், படிவம் 2441-இல் (வேலைக்குச் செல்வோரின் பராமரிப்புச் செலவுக்கான வரிச் சலுகை) 2025-ஆம் ஆண்டுக்கு 3,000 டாலர் வரையிலான செலவுக்கு 20 சதவீதம், அதாவது 600 டாலர், வரியிலேயே நேராகக் குறையும். அம்மாவின் நலனுக்கும் ஓரளவு பயன்படும் சமையலும் வீட்டு வேலையும் இதில் அடங்கும். ஒரே டாலரை இரண்டு இடத்தில் காட்டக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பு) கணக்கு இருந்தால், அதிலிருந்து பராமரிப்புக்குச் செலவிடும் பணத்துக்கு 7.5 சதவீத வாசலே கிடையாது. அந்தப் பணத்தையும் மறுபடி கழிவாகக் காட்டலாகாது.

சித்திக்குத் தந்தது கழிவாகாது. நோயாளியின் உறவினர் பராமரித்தால், அவர் அந்தப் பணிக்கு உரிமம் பெற்றவராக இருந்தாலொழியச் சட்டம் ஏற்பதில்லை. உறவு உங்களிடமிருந்து அன்று, அம்மாவிடமிருந்து எண்ணப்படுகிறது என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. உங்கள் பெரியம்மா மகள் உங்களுக்குக் 'கஸின்' என்றாலும் அம்மாவுக்கு உடன்பிறந்தாளின் மகள், ஆகவே சட்டத்தின் உறவினர் பட்டியலில் உண்டு. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை பட்டியலில் இல்லை.

அம்மாவின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்பதால், அவருக்குத் தனி வருமானம் இருந்தாலும் அவருடைய மருத்துவச் செலவு உங்களுடையதாகவே கொள்ளப்படும். ஆனால் தம்பி நேரடியாக அனுப்பிய பணத்தை நீங்களும் காட்ட முடியாது, பாதிக்கு மேல் ஆதரிக்காத அவரும் காட்ட முடியாது. இனிமேல் அவர் அம்மாவின் உடைக்கும் உணவுக்கும் தரட்டும், பராமரிப்புச் சம்பளத்தை நீங்களே கொடுங்கள். பாதிக்கு மேல் உங்கள் பங்கு நிற்கும்வரை இது எளிய வழி.

கடைசியாக ஒன்று, கசப்பானதும்கூட. நீங்களே நேரம் வகுத்து வேலை வாங்குவதால் அந்தப் பெண்மணி உங்கள் ஊழியர். 2025-இல் 2,800 டாலரோ அதற்கு மேலோ சம்பளம் தந்தவர் ஷெட்யூல் எச் (வீட்டு ஊழியர் வரிப் படிவம்) தாக்கல் செய்து, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளைச் செலுத்தி, டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளச் சான்று) படிவமும் தர வேண்டும். செலுத்தாமல் 42,000 டாலரைக் கழிவாகக் காட்டுவது, தன் தவறுக்குத் தானே சாட்சி எழுதித் தருவதாகும். முறையாகச் செலுத்தினால், பராமரிப்பு நேரத்துக்குரிய முதலாளி பங்கு வரியும் மருத்துவச் செலவில் சேரும்.

கேள்வி: என் அப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருக்கு ஆள் வைத்து நான் பணம் அனுப்புகிறேன். கழிவு உண்டா?

பதில்: அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் வசிப்பவராகவோ இல்லையென்றால் கிடையாது, நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும் விடை மாறாது. இங்கே குடியுரிமை பெற்றுவிட்டு ஊர் திரும்பியவர் என்றால் உண்டு. அப்போது மேலே சொன்ன சான்றும் திட்டமும் அங்கேயும் வேண்டும். ரூபாயில் வாங்கிய ரசீதுகளை, பணம் கொடுத்த நாளின் மாற்று விகிதப்படி டாலரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.