என் தலையைத் தூக்கினால் முன்சக்கரம் ரெண்டும் தெரியும், நான் யார்?

பழைய கார்கள் தாங்களே பேசுவதுபோல "நான் யார்?" என்று விடுகதை போட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டை யாராவது விளையாடியிருக்கிறீர்களா, நல்ல விடுகதையை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளையாடியிருக்கிறேன், இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இதைத் தொடங்கிவைத்தவர் என் பெரியப்பா. தாம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்தவர். கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருப்போம், மற்ற வீட்டுப் பிள்ளைகள் பேய்க்கதை கேட்கும் நேரத்தில் எங்களுக்கு அவர் கார் விடுகதை போடுவார். நம் ஊர் விடுகதை எல்லாம் பெரும்பாலும் "அது என்ன?" என்றுதான் முடியும். பெரியப்பா மட்டும் "நான் யார்?" என்று முடிப்பார், குரலையும் மாற்றிக்கொள்வார். எனக்கு முதலில் நினைவிருப்பது இதுதான்:

"என் தலையைத் தூக்கினால் முன்சக்கரம் ரெண்டும் வெளியே தெரியும். எனக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர் என் கால்மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். பிறந்த வீட்டில் எனக்கு ரெண்டு கதவுதான், வாழ வந்த ஊரில் நாலு கதவு வைத்தார்கள். நான் யார்?"

விடை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடியில் இருந்த ஒரு வாத்தியார் தன் ஹெரால்டை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியப்பா பானட்டின் ரெண்டு பக்கமும், கதவுக்குச் சற்று முன்னால் இருந்த கொக்கிகளை விடுவித்தார். பிறகு வண்டியின் மூக்குப் பக்கம் போய்ப் பிடித்து தூக்கினார் பாருங்கள், ஹெட்லைட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முதலை வாயைப் பிளந்தமாதிரி எழுந்து முன்னால் சாய்ந்து நின்றது. உள்ளே எஞ்சினும் ரெண்டு முன்சக்கரங்களும் அப்படியே திறந்த வெளியில். அவர் ஒரு பழைய தினசரியை டயர்மேல் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாயிண்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். "கால்மேல் உட்காரலாம்" என்றதன் அர்த்தம் அந்த நிமிஷம்தான் எங்களுக்கு விளங்கியது, இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

அது ஏன் அப்படித் திறக்கிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, சேஸிஸ் என்கிற தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட் போட்டு முடுக்குவதாக முடிவானது. வடிவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959ல் அங்கே வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக உருவானது. அங்கே கடைசி வரைக்கும் ரெண்டு கதவுதான். குடும்பத்தோடு ஏறி இறங்கும் நம் ஊருக்காக நாலு கதவு வைத்தது இங்கேதான். ஆகவே தலையைத் தூக்கும் வரியோடு அந்த நாலு கதவு வரியும் சேர்ந்தால் போதும், வேறு கார் எதுவும் விடையாக வருவது கஷ்டம்.

உங்கள் ரெண்டாவது கேள்விக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. காரைத் தொட்டவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், அந்தக் காருக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு விஷயம், இந்த ரெண்டும் ஒரே வரியில் வந்தால் விடுகதை நிற்கும். நிறம், வடிவம், "நான் ரொம்ப வேகமாகப் போவேன்" இதெல்லாம் எந்தக் காருக்கும் பொருந்தும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அக்கா பெண்ணிடம். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள், "மூட்டை முடிச்சு முன்னால், எஞ்சின் பின்னால், நான் யார்?" என்று கேட்டேன். என் மனசில் இருந்தது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். அவள் யோசிக்கவே இல்லை. "நானோ, மாமா!" என்றாள். டாடா நானோவுக்கும் எஞ்சின் பின்னால்தான், முன்னால் ஸ்டெப்னியும் கொஞ்சம் இடமும்தான். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய ஃபியட் 500, ரெனோ டோஃபின், போர்ஷே 911 என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பீட்டிலுக்குப் புதிதாக ஒன்று எழுதினேன்:

"குளிர்ச்சிக்குத் தண்ணீர் கேட்க மாட்டேன், காற்று போதும். முகம் கழுவத்தான் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அதையும் ஸ்டெப்னியிடம் மூச்சைக் கடன் வாங்கித்தான் பீய்ச்சிக்கொள்வேன்."

இது நிஜம். 1960களின் பீட்டில்களில் முன்கண்ணாடி கழுவுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. ஸ்டெப்னியின் வால்விலிருந்து தண்ணீர் டப்பாவுக்கு ஒரு ரப்பர் குழாய் போகும், டயர் காற்றின் அழுத்தத்தில் தண்ணீர் கண்ணாடிமேல் பீய்ச்சியடிக்கும். கண்ணாடியை அடிக்கடி கழுவினால் ஸ்டெப்னியில் காற்று இறங்கிவிடுமே என்று பதறாதீர்கள், ஓர் அளவுக்குக் கீழே போனதும் நின்றுகொள்ளும்படி வால்வு வைத்திருந்தார்கள். 2 கோடிக்கும் மேல் உற்பத்தியாகி, 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி இறங்கிய ஒரு காரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. எனக்கு இந்த ரப்பர் குழாய்தான் பிடித்திருக்கிறது.

அப்புறம் மோரிஸ் மைனர். பெரியப்பா போட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: "பிறப்பதற்கு முன்னாலேயே என்னை நடுவில் அறுத்தார்கள். நாலு அங்குலம் தள்ளி ஒட்டினார்கள். அந்தத் தழும்பு இன்னும் என் நெற்றியில் இருக்கிறது." மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு, வேலை ஏறக்குறைய முடிந்த நேரத்தில், வண்டி ரொம்பக் குறுகலாக இருப்பதாகப் பட்டிருக்கிறது. மாதிரி வண்டியை நீளவாக்கில் ரெண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்திருக்கிறார். 4 அங்குலத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது. அந்த அகலம்தான் 1948ல் வெளிவந்த மைனரின் பானட் நடுவில் பட்டையாக ஓடுகிறது. பம்பர்களை அதற்கு முன்பே செய்துவிட்டதால் ஆரம்பகால வண்டிகளில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒட்டுத் துண்டு வைத்தார்கள். எங்கேயாவது ஒரு மைனரைப் பார்த்தால் பானட்டின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள், பட்டை கையில் தட்டுப்படும்.

மைனர் என்றதும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். உடனே அவர் ஒன்று போட்டார்: "பெற்றோலுக்குப் பிறந்தனான், மண்ணெண்ணெயில உயிர் தப்பினனான். ஆர் நான்?" நான் யோசித்து, ஆஸ்டின் ஏ40 என்றேன். "அதுவும் சரி அண்ணை, மொறிஸ் மைனரும் சரி, ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் சரி, எங்கட ஊரில அப்ப ஓடின எல்லாமே சரிதான்" என்றார். 1990களில் பொருளாதாரத் தடையால் அங்கே பெட்ரோல் போகவில்லை. கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். அழுத்த விகிதம் குறைவான பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அவை அதைத் தாங்கின, புது எஞ்சின்கள் தட்டியே செத்திருக்கும். ஒரு விடுகதைக்கு ஒரே விடை என்று மேலே சொன்னேன். இதற்கு மட்டும் அந்த விதி வேண்டாம், ஏனென்றால் அதற்கு விடை ஒரு தலைமுறைக் கார்கள் முழுவதும். அவற்றில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் பிள்ளை பெற்று வீடு திரும்பியவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கார்களில் பிள்ளைகளுக்கு எப்போதும் எடுபடுவது ரெண்டு. ஒன்று இசெட்டா: "நெஞ்சைத் திறந்தால்தான் உள்ளே வரலாம், ஸ்டியரிங்கும் கதவோடு விலகி வழிவிடும், ஃப்ரிட்ஜ் செய்கிறவர் வீட்டில் பிறந்தேன்." இத்தாலியின் இசோ கம்பெனி ஃப்ரிட்ஜ் செய்துகொண்டிருந்ததுதான், பிறகு பிஎம்டபிள்யூ உரிமம் வாங்கி அதைப் பெரிய அளவில் விற்றது. கதவு முன்பக்கம் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள், படத்தைக் காட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று சிட்ரோயன் டிஎஸ்: "தூங்கும்போது தரையோடு படுத்திருப்பேன், எழுப்பினால் நாலு காலிலும் எழுந்து நிற்பேன், டயர் மாற்ற முட்டுக் கொடுத்தால் நானே காலைத் தூக்கிக்கொள்வேன்." 1955ல் பாரிஸில் காட்டிய கார், ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன். 1962 ஆகஸ்டில் பிரான்ஸ் அதிபர் டிகாலை வழிமறித்துச் சுட்டபோது டயர்கள் வெடித்த பிறகும் நிற்காமல் அவரைக் காப்பாற்றிக்கொண்டு போனது இந்தக் கார்தான். பெரிய பிள்ளைகளாக இருந்தால் இந்தக் கடைசித் துப்பையும் கொடுப்பேன்.

அம்பாசடருக்கும், பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட்டுக்கும் விடுகதை போடுவது கஷ்டம். எல்லாருக்கும் தெரிந்த முகங்கள், வாயைத் திறந்ததும் சொல்லிவிடுவார்கள். பத்மினிக்கு "சித்தூர் ராணி பெயர் எனக்கு, பம்பாயில் கறுப்பும் மஞ்சளும் உடுத்தினேன்" என்றால் முடிந்தது கதை. அதனால் இவற்றுக்குத் துப்பின் வரிசையை மாற்றுங்கள். கடினமானதை முதலில் சொல்லுங்கள், யாரும் சொல்லாவிட்டால் அடுத்தது, கடைசியில் ஊரறிந்தது. அம்பாசடர் என்றால் முதலில் "இடது காலால் என் கண்ணை இறக்குவீர்கள்" என்று தொடங்குவேன், ஹெட்லைட் வெளிச்சத்தைத் தாழ்த்தும் டிப்பர் சுவிட்ச் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருந்ததே, அதைத்தான் சொல்கிறேன். இன்னும் சில பழைய வண்டிகளுக்கும் இது பொருந்தும் என்பதால் "ஆக்ஸ்போர்டில் பிறந்து ஹூக்ளிக் கரையில் வளர்ந்தேன்" என்று அடுத்த வரியில் இறுக்குவேன்.

அக்கா பெண்ணுக்கு இப்போது பதினேழு வயது. போன பொங்கலுக்கு வந்தபோது அவளாகவே ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "மூணு அடுப்புதான் என் வீட்டில். நாட்டின் பிரதமரே என் முதல் சாவியை எடுத்துக் கொடுத்தார். தெருவில் ராஜாவாக இருந்த பெரியவரை ஓரம்கட்டினேன், ஆனால் அவர் கண்ணை மூடிய அதே வருஷம், அவருக்குச் சில மாதம் முன்னால் நான் போய்விட்டேன்."

மூன்று சிலிண்டர் என்றதும் மாருதி 800 என்று பிடித்துவிட்டேன். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததும் தெரியும். கடைசி வரிதான் புரியவில்லை. அவளே சொன்னாள்: "2014 ஜனவரில மாருதி 800 நின்னுச்சு மாமா, மே மாசம் அம்பாசடர்." ரெண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசித்ததே இல்லை. பெரியப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அந்தக் கடைசி வரியை அவளையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.